விளக்கணைந்து கிடக்கும் அரங்கு பசுமையானதா?

2022 ஜூலை 19ஆம் திகதி பிரித்தானியாவில் முதன்முறையாக வெப்பநிலை 40 பாகையைத் தாண்டியது. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஒரு பல்கலைக்கழக அரங்கில் நடந்த அரங்கேற்றத்துக்குப் போயிருந்தேன். நானூறு பேர் வரையில் இருந்தோம். வர்ணம் தொடங்கி இருபது நிமிடத்தில் பிள்ளையின் கண்மை கரைந்து கன்னத்தில் இறங்கிவிட்டது. மிருதங்கக்காரர் ஒவ்வொரு உருப்படிக்கும் இடையில் சுருதியைச் சரிபார்த்துக்கொண்டே இருந்தார். முன்வரிசை அம்மம்மாமார் நிகழ்ச்சி நிரலை விசிறியாக்கிவிட்டார்கள்.

இடைவேளையில் பிள்ளையின் தகப்பன் அரங்கப் பொறுப்பாளரிடம் ஓடிப்போய்க் கேட்டார். "ஏசி வேலை செய்யுது, ஆனால் முழு வேகத்தில போட்டால் அதின்ர இரைச்சல் மேடைக்குக் கேக்கும். அதாலதான் குறைச்சு வைச்சிருக்கினமாம்" என்று வந்து சொன்னார். வெளியே காற்று வாங்கப் போனோம். வாசல் சுவரில், அந்தக் கட்டடத்துக்குக் கிடைத்த பசுமைச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து இந்த விடயம் என் மனதில் கிடக்கிறது. பல்கலைக்கழகங்கள் எல்லாம் இப்போது பசுமை பற்றிப் பேசுகின்றன. கலையரங்கு கட்டும்போது கூரையில் சூரியத் தகடு, கழிப்பறையில் மழைநீர், வாசலில் சைக்கிள் நிறுத்துமிடம் என்று படம் போட்டுக் காட்டுகின்றன. நல்லது, வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் ஒரு அரங்கு உண்மையில் நீடித்து நிற்கக்கூடியதா என்பதைத் தீர்மானிப்பவை மூன்று கேள்விகள் என்று நான் நினைக்கிறேன். அது எப்படி மூச்சு விடுகிறது? அதைக் கட்டுவதற்காக எதை இடித்தார்கள்? அதற்குள்ளே வருடத்தில் எத்தனை இரவு விளக்கு எரிகிறது? மூன்றாவது கேள்விக்கும் எங்கள் சமூகத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மூச்சு. ஒரு மனிதர் சும்மா கதிரையில் இருந்தாலே ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறார். நானூறு பேர் என்றால் 40 கிலோவாட். வீட்டில் குளிருக்குப் போடும் 2 கிலோவாட் ஹீற்றர் இருபதை ஒரே நேரத்தில் ஒரு அறைக்குள் எரியவிட்ட மாதிரி. மேடை விளக்குகள் இதைவிட மோசம். பழைய டங்ஸ்டன் விளக்கு ஒன்று 1,000 வாட் இழுக்கும். அதில் ஒளியாக வருவது சொற்பம், மிச்சமெல்லாம் சூடு. அப்படி ஐம்பது விளக்கு எரிந்தால் இன்னுமொரு 50 கிலோவாட். அந்தச் சூட்டின் நடுவில், பட்டுச் சேலையில் தைத்த உடுப்பும் தலைச்சாமானும் போட்டு, இரண்டரை மணித்தியாலம் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை தனியே ஆடுகிறது.

சாதாரண அலுவலகக் கட்டடமென்றால் பெரிய விசிறிகளால் குளிர்காற்றை அடித்துத் தள்ளிவிடலாம். அரங்கில் அது முடியாது. அமைதி வேண்டும். ஆலாபனையில் பாடகர் குரலைத் தணிக்கும்போது தம்புராவின் ஓசை கேட்க வேண்டும், காற்றுக்குழாயின் இரைச்சல் கேட்கக்கூடாது. ஆகவே அரங்கு கட்டுபவர்களுக்கு இரண்டு எதிரெதிர்க் கட்டளைகள்: காற்று நிறைய வேண்டும், சத்தம் துளியும் வேண்டாம். சாதாரணமாக இதற்குச் செய்வது என்னவென்றால் பிரமாண்டமான குழாய்களைப் போட்டு அதற்குள்ளே காற்றை மெதுவாக ஓட்டுவது. இடமும் போகும், மின்சாரமும் போகும், காசும் போகும்.

இதற்கு வேறு வழி உண்டு என்று காட்டிய கட்டடம் ஒன்று இங்கே மான்செஸ்டரில் இருக்கிறது. ஒக்ஸ்ஃபோர்ட் ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்கள், கோட்டை மாதிரி விசித்திரமான புகைபோக்கிகள் கூட்டமாக நிற்கும் ஒரு கட்டடத்தைப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் பார்த்திருப்பீர்கள். அதுதான் கொன்டாக்ட் தியேட்டர். 1965இல் பல்கலைக்கழக அரங்காகத் திறக்கப்பட்டது. 1990களில் கட்டடக்கலைஞர் அலன் ஷோர்ட்டின் கையில் வந்தது. அவர் அதைத் திருத்தி விரித்துக் கட்ட, 1999இல் மீண்டும் திறந்தார்கள். அந்தப் புகைபோக்கிகள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. அவைதான் அந்த அரங்கின் நுரையீரல்.

சங்கதி எளிது. சூடான காற்று இலேசானது, மேலே போகும். சனத்தின் உடம்புச் சூடும் விளக்குச் சூடும் சேர்ந்து காற்றை உயரமான புகைபோக்கிகளால் மேலே தள்ளும். அது வெளியேற, கீழே பார்வையாளர் இருக்கும் பக்கத்தால் வெளிக்காற்று தானாக உள்ளே இழுபடும். சனம் கூடக்கூட இழுவையும் கூடும். அதாவது சுமையே இயந்திரத்தை ஓட்டுகிறது. புகைபோக்கியின் தலையில் "எச்" எழுத்து வடிவில் தொப்பிகள் இருக்கின்றன. காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தாலும் அது உள்ளே திரும்பிவராமல், வெளியே இழுக்க உதவுவதற்காகத்தான் அந்த வடிவம். தெருச் சத்தம் துவாரங்கள் வழியாக நுழையாமல் இருக்க, காற்று வரும் பாதையில் சத்தத்தை உறிஞ்சும் தடுப்புகளை வைத்தார்கள். காற்று நெளிந்து வந்துவிடும், பஸ்ஸின் உறுமல் வழியிலேயே அடங்கிவிடும்.

இதை வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது ஊரிலிருந்த நாற்சார் வீடு. நடு முற்றத்தில் வெயில் விழும், சூடான காற்று மேலே போகும், விறாந்தைப் பக்கத்தால் குளிர்காற்று உள்ளே வரும். கோயில் வீதியில் கூத்துக்குப் போடும் கிடுகுக் கொட்டகையிலும் கூரைக்கும் சுவர்த்தட்டிக்கும் இடையில் இடைவெளி விட்டிருப்பார்கள். கட்டினவர்கள் பௌதிகம் படித்தவர்கள் அல்ல. ஆனால் சூடு எந்தப் பக்கத்தால் போகும் என்று அவர்களுக்குத் தெரியும். அலன் ஷோர்ட் செய்தது அதே விடயத்தை நூற்றுக்கணக்கானவர்களுக்கு, மூடிய மண்டபத்தில், அமைதி கெடாமல் செய்ததுதான்.

இதில் குறையே இல்லை என்று சொன்னால் அது பொய். இயற்கைக் காற்றோட்டத்தால் வெளியே இருக்கும் வெப்பநிலைக்குக் கீழே குளிராக்க முடியாது. 2022 ஜூலை மாதிரி நாட்களில் வெளிக்காற்றே அடுப்புக் காற்றாக வரும்போது புகைபோக்கி மட்டும் போதாது. அதற்கு ஒரு பழைய உபாயம் இருக்கிறது: சுவர்களைக் கனமான செங்கல்லிலும் கொங்கிரீட்டிலும் கட்டி, இரவில் துவாரங்களைத் திறந்துவிட்டுச் சுவரைக் குளிரவைப்பது. அடுத்த நாள் மாலை காட்சி முடியும்வரை அந்தச் சுவர் சூட்டை உறிஞ்சிக்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் வேறு பிரச்சினை. துவாரத்தைத் திறந்தால் ஹீற்றிங் காசு புகைபோக்கியால் போகும். ஆகவே மண்டபத்துக்குள் காபனீரொட்சைட்டு எவ்வளவு என்று உணரிகள் அளந்து, தேவையான அளவுக்கு மட்டும் துவாரங்களைத் திறக்க வேண்டும். இவ்வளவையும் பராமரிக்கத் தெரிந்த ஆட்களும் வேண்டும். கட்டடம் கெட்டிக்காரத்தனமாக இருந்து, அதை இயக்குபவர் விடயம் தெரியாதவராக இருந்தால், கடைசியில் எல்லாத் துவாரத்தையும் பூட்டிவிட்டுத் தரையில் விசிறியைக் கொண்டுவந்து வைப்பார்கள்.

என்றாலும் இந்தப் பாதை வெறும் விசித்திரம் இல்லை. பக்கத்து நகரான லிவர்பூலில் எவ்ரிமேன் தியேட்டரை 2014இல் புதிதாகக் கட்டியபோது நானூறு இருக்கைகள் வரையிலான அரங்கை இயற்கைக் காற்றோட்டத்திலேயே அமைத்தார்கள். அந்த ஆண்டு பிரித்தானியாவின் மிகப் பெரிய கட்டடக்கலைப் பரிசான ஸ்டேர்லிங் பரிசும் அதற்கே கிடைத்தது. அங்கே இருந்த பழைய கட்டடத்தின் செங்கற்களில் 25,000ஐ எடுத்துச் சுத்தமாக்கி, புதிய அரங்கின் உட்சுவருக்கே பாவித்தார்கள். பழைய அரங்கில் நாடகம் பார்த்த சனம் புதிய அரங்கிலும் அதே கல்லுக்கு நடுவில் இருக்கிறது.

செங்கல்லைப் பற்றிச் சொன்னதால் இரண்டாவது கேள்விக்கு வருவோம்: எதை இடித்தார்கள்?

ஒரு கட்டடத்தின் காபன் கணக்கு இரண்டு பகுதி. ஒன்று தினமும் எரிக்கும் மின்சாரமும் காஸும். இது பில்லில் தெரியும். மற்றது சீமெந்து, இரும்பு, கண்ணாடி செய்யும்போதே வெளியேறிவிட்ட காபன். இது பில்லில் தெரியாது. உலகில் எரிசக்தியாலும் உற்பத்தியாலும் வெளியாகும் காபனீரொட்சைட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் கூடுதலானது கட்டடங்களோடும் கட்டுமானத்தோடும் சம்பந்தப்பட்டது என்று ஐநா சுற்றுச்சூழல் அமைப்பின் அறிக்கைகள் சொல்கின்றன. சீமெந்து மட்டும் 7 முதல் 8 வீதம். புதிய கட்டடம் ஒன்று திறப்பு விழாவுக்கு நாடா வெட்டும்போதே பெரிய கடனோடுதான் பிறக்கிறது. "பசுமை" என்று எழுதிய பலகையை மாட்டினால் அந்தக் கடன் தீராது.

அதனால் பழையதைத் திருத்துவதுதான் பல நேரங்களில் மிகப் பசுமையான வழி. கொன்டாக்ட்டை 1990களில் திருத்தியதோடு விட்டுவிடவில்லை. இன்னுமொரு பெரிய திருத்த வேலைக்குப் பிறகு 2021இல் மறுபடி திறந்தார்கள். 1965இல் தொடங்கிய ஒரு இடம், அறுபது வருடமாக மூன்று தலைமுறை இளைஞர்களுக்கு மேடை கொடுத்துக்கொண்டிருக்கிறது. மெல்பேர்ணில் மொனாஷ் பல்கலைக்கழகமும் அதையே செய்தது. கிளேட்டன் வளாகத்தில் 1967இல் திறந்த அலெக்சாண்டர் தியேட்டரை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். அதைத் திருத்தி, அதைச் சுற்றிப் புதிய இசை அரங்குகளையும் சேர்த்து, 2019இல் கலை மையமாகத் திறந்தார்கள். மெல்பேர்ணின் தென்கிழக்கில் இருக்கும் எங்கட ஆக்களுக்கு அந்தப் பக்கம் புதிதல்ல. புதுக் கட்டடம் மாதிரிப் படம் எடுக்க அழகில்லாமல் இருக்கலாம். ஆனால் கணக்கில் அதுதான் வெல்லும்.

எல்லாவற்றையும் திருத்தலாம் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் ஹான்ச்சர் அரங்கம் 1972இல் ஆற்றங்கரையில் திறக்கப்பட்டது. 2008 ஜூனில் ஐயோவா ஆறு பெருகி அரங்குக்குள் வந்தது. கட்டடம் மீளவில்லை. அதற்குப் பிறகு எட்டு வருடம் அந்தக் கலை நிகழ்ச்சிகள் ஊர் ஊராக வேறு மண்டபங்களில் நடந்தன. 2016இல்தான் பக்கத்திலேயே, உயர்ந்த நிலத்தில், 1,800 இருக்கைகளோடு புது அரங்கம் வந்தது. இதில் எனக்குத் தெரிந்த பாடம் இரண்டு. எங்கே கட்டுகிறோம் என்பதுதான் முதலாவது பசுமைத் தீர்மானம். வெள்ளம் வரும் இடத்தில் சூரியத் தகடு போட்டு என்ன பிரயோசனம்? மற்றது, அரங்கு இல்லாத எட்டு வருடமும் கலை சாகவில்லை. பள்ளிக்கூட மண்டபத்திலும் பக்கத்து ஊர் அரங்கிலும் நடந்தது. புலம்பெயர்ந்த எங்களுக்கு இதை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. நாற்பது வருடமாக நாங்கள் வாடகை மண்டபத்தில்தானே கலை வளர்த்திருக்கிறோம்.

இப்போது மூன்றாவது கேள்வி. எனக்கு இதுதான் முக்கியம்.

ஒரே அளவான இரண்டு அரங்குகள் இருக்கின்றன என்று வையுங்கள். ஒன்றில் உயர்ந்த சான்றிதழ் இருக்கிறது, வருடத்தில் 60 இரவு நிகழ்ச்சி. மற்றதில் சான்றிதழ் இல்லை, 240 இரவு நிகழ்ச்சி. கட்டும்போது போன காபனை இரவுகளால் பிரித்துப் பாருங்கள். முதலாவது அரங்கு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நான்கு மடங்கு கடனைச் சுமக்கிறது. அது மட்டுமில்லை. வெறுமையாகக் கிடக்கும் மண்டபத்தையும் குளிர்காலத்தில் ஈரம் பிடிக்காமல் சூடாக்கியே வைத்திருக்க வேண்டும். பியானோவுக்குப் பழுது வரக்கூடாது, மரத்தளம் வெடிக்கக்கூடாது. ஆள் இல்லாத இடத்துக்கு ஹீற்றிங்.

பல்கலைக்கழக அரங்குகள் எப்போது வெறுமையாகக் கிடக்கும்? ஜூன் நடுவிலிருந்து செப்ரெம்பர் கடைசி வரை, நத்தாரில், ஈஸ்டரில், வார இறுதிகளில். எங்கள் அரங்கேற்றங்கள் எப்போது? பெரும்பாலும் ஜூலை, ஓகஸ்ட், செப்ரெம்பர், சனி, ஞாயிறு. இப்படி ஒரு பொருத்தம் கல்யாணத்துக்குக் கூடக் கிடைக்காது. ஆனால் நடப்பது என்ன? வாடகையைக் கேட்டால் தலை சுற்றும். அதோடு ஒலி, ஒளி ஆட்களுக்குத் தனிக்காசு, வாசல் காவலுக்குத் தனிக்காசு, இரவு பத்தரைக்குப் பூட்டாவிட்டால் தண்டக்காசு. இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு எங்கட சனம் பள்ளிக்கூட மண்டபத்துக்கே திரும்பிவிடும். அங்கே பளபளவென்று மினுக்கிய கொங்கிரீட் தரையில் பிள்ளைகள் தட்டடவு தட்டுவார்கள். முழங்கால் நோவைப் பற்றிப் பத்து வருடம் கழித்து வைத்தியரிடம் பேசிக்கொள்ளலாம்.

பொதுப்பணத்திலும் மாணவர் கட்டணத்திலும் கட்டிய அரங்கு வருடத்தில் பாதி நாள் இருட்டிக் கிடப்பதும், அதிலிருந்து இரண்டு மைல் தூரத்தில் ஒரு சமூகம் பொருத்தமில்லாத மண்டபத்தில் ஆடுவதும், சுற்றுச்சூழல் கணக்கில் பார்த்தாலும் தவறு, நியாயக் கணக்கில் பார்த்தாலும் தவறு. பசுமைச் சான்றிதழ் கொடுப்பவர்கள் குழாயையும் கண்ணாடியையும் அளப்பதோடு நில்லாமல், வருடத்தில் எத்தனை இரவு, எத்தனை விதமான சனத்துக்குக் கதவு திறந்தது என்பதையும் அளந்தால் என்ன?

கதவைத் திறந்தால் மட்டும் போதாது. உள்ளே எங்களுக்கு ஏற்ற மாதிரியும் இருக்க வேண்டும். இதைச் சலுகையாக நான் கேட்கவில்லை. பல விதமான கலைக்கு இடம் கொடுக்கும் அரங்குதான் நிறைய இரவு பாவிக்கப்படும், ஆகவே அதுதான் நீடிக்கும்.

மேடைத் தளத்தை எடுங்கள். வெறுங்காலால் ஓங்கித் தட்டும் ஆட்டத்துக்குக் கொங்கிரீட்டின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் விரிப்புக் கூடாது. கீழே வெற்றிடம் விட்டு மரச்சட்டங்களின் மேல் பலகை போட்ட, சிறிது துள்ளிக் கொடுக்கும் தளம் வேண்டும். பலே ஆடுபவருக்கும் அதேதான் வேண்டும். ஒலியை எடுங்கள். மேற்கத்திய வாத்தியக் குழுவுக்காகக் கட்டிய மண்டபத்தில் ஓசை இரண்டு விநாடி வரை நின்று ஒலிக்கும். வயலின்களுக்கு அது தேன். மிருதங்கத்தில் வேகமான சொற்கட்டு வந்தாலோ ஒன்றோடொன்று குழம்பிக் கஞ்சியாகிவிடும். நட்டுவாங்கத்தின் ஜதி முன்வரிசைக்கு அப்பால் விளங்காது. சுவர் ஓரத்தில் தடித்த திரைகளை இழுத்துவிட்டால் ஓசை அடங்கும், மடித்துவிட்டால் திரும்பவும் விரியும். கட்டும்போதே யோசித்தால் இது பெரிய செலவில்லை. கட்டி முடித்த பிறகு யோசித்தால் பெரிய செலவு.

பிறகு குத்துவிளக்கு. சுடர் ஏற்றலாமா என்று கேட்டதற்கு மூன்று பக்கக் கடிதம் அனுப்பிய அரங்குகள் உண்டு. கடைசியில் பற்றரி விளக்கை வைத்துச் சுவிட்சைப் போட்டு மங்கல விளக்கேற்றிய நிகழ்ச்சிகளுக்கு நாங்கள் எல்லோரும் போயிருக்கிறோம். தீ விதிகள் வேண்டும், அதில் விளையாட்டு இல்லை. ஆனால் ஒரு ஆள் பக்கத்தில் நிற்க, குறித்த சில நிமிடம் மட்டும் அந்த இடத்துப் புகை உணரியை நிறுத்தி வைக்கும் ஒழுங்கை நாடகத்தில் புகையும் நெருப்பும் வரும்போது செய்கிறார்கள்தானே. எங்களுக்கும் செய்யலாம். கேட்கும் இடத்தில், கேட்கும் நேரத்தில், நாங்கள் இல்லை என்பதுதான் குறை.

அரங்கின் அளவையும் ஒளியையும் பற்றி யோசிப்பது எங்களுக்குப் புதிதும் அல்ல. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மேடைக்கு ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று கணக்கு இருக்கிறது. தூண்களின் நிழல் மேடையில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எரிகிற விளக்கு வீண்போகாமல் ஆடுபவளின் மேல் விழ வேண்டும் என்ற அக்கறை அது. நாங்கள் மேடையில் நின்று அந்தக் காப்பியத்தின் பெருமை பேசுகிறோம். மேடை எப்படிக் கட்டப்படுகிறது என்ற கூட்டத்துக்கு மட்டும் போவதில்லை.

இனி எங்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்தை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போனால் அது நியாயமில்லை.

புலம்பெயர் நாடுகளில் எங்களுக்கென்று சொந்த மண்டபம் வேண்டும் என்ற ஆசை பெரியது. அந்த ஆசையை நான் மதிக்கிறேன். இருந்த இடத்தை விட்டு வந்த சனத்துக்குச் சொந்தச் சுவர் என்பது வெறும் சுவர் இல்லை. ஆனால் எங்கட சங்கங்களில் கட்டட நிதி என்றால் காசு குவியும். கல்லுக்கு ஒரு பெயர், கதவுக்கு ஒரு பெயர், மேடைக்கு ஒரு குடும்பத்தின் பெயர். திறந்து மூன்றாம் வருடம் கூரை ஒழுகும்போதோ, கொதிகலன் பழுதாகும்போதோ யாருடைய பெயரும் வராது. கொதிகலனில் பெயர் பொறிக்க ஒருவரும் விரும்புவதில்லை. 2022இல் காஸ் விலை ஏறியபோது எத்தனை மண்டபங்கள் குளிர்காலத்தில் வகுப்பை நிறுத்தின, எத்தனை இடங்களில் பிள்ளைகள் கோட்டுப் போட்டுக்கொண்டு பாட்டுப் படித்தார்கள் என்பது அந்தந்த ஊர்ப் பெற்றோருக்குத் தெரியும்.

ஆகவே புதிதாக மண்டபம் வாங்கவோ கட்டவோ கூட்டம் போடும்போது, வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன்னமே சில கேள்விகளைக் கேளுங்கள். சுற்றுவட்டாரத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் அரங்கு எது, அதோடு ஐந்து வருட ஒப்பந்தம் பேச முடியாதா? வாங்குகிற பழைய கட்டடத்தை இடிக்காமல் திருத்த முடியாதா? சுவருக்கும் கூரைக்கும் வெப்பக்காப்புப் போட்ட பிறகா கொதிகலனின் அளவைத் தீர்மானித்தீர்கள்? பஸ்ஸிலும் ரயிலிலும் சனம் வந்துபோகலாமா, இல்லாவிட்டால் முந்நூறு காருக்கு இடம் தேட வேண்டுமா? இருபது வருடப் பராமரிப்புக்குக் காசு எங்கே? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் முதலாவது கல்லை வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

நிகழ்ச்சி நடத்தும் விதத்திலும் எங்கள் கை சுத்தமில்லை. ஒரு நாள் அரங்கேற்றத்துக்கு ரெஜிபோமில் கோபுரம் செய்து, இரவே உடைத்துக் குப்பைத் தொட்டிக்குள் திணிக்கிறோம். நானூறு பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல், நானூறு சாப்பாட்டுப் பெட்டி, நானூறு அன்பளிப்புப் பை. பிரித்தானிய நாடகத்துறையினர் 2021இலிருந்து "தியேட்டர் கிறீன் புக்" என்று ஒரு வழிகாட்டியை இலவசமாக வெளியிட்டிருக்கிறார்கள். தயாரிப்பு, கட்டடம், அன்றாட இயக்கம் என்று மூன்றையும் அது தொடுகிறது. அதன் சாரம் ஒன்றுதான்: புதிதாகச் செய்வதற்கு முன் இருப்பதைப் பாவி, பாவித்ததை மற்றவருக்குக் கொடு. ஒரு நகரத்தில் பத்து நடன ஆசிரியர்கள் இருந்தால், துணியிலும் மரத்திலும் நல்ல மேடை அலங்காரம் மூன்று செய்து மாறிமாறிப் பாவிக்கலாம். "மற்ற ரீச்சற்ற பிள்ளைக்குப் போட்ட கோபுரத்தையோ எங்களுக்கும்?" என்று கேட்பார்கள் என்பது தெரியும். அந்தக் கேள்வியைத் தாண்டுவதற்குச் சூரியத் தகடு உதவாது.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பலர் பொறியியல் படிக்கிறீர்கள், சிலர் கட்டடக்கலையும் ஒலியியலும் படிக்கிறீர்கள். இங்கிலாந்தில் வருடத்துக்கு 9,000 பவுணுக்கு மேல் கட்டணம் கட்டிப் படிக்கிறீர்கள். உங்கள் பல்கலைக்கழகத்தில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. எங்களுக்குப் பூட்டியிருக்கும் அரங்கின் கதவு, மாணவர் சங்கம் என்ற பெயரில் கேட்டால் பல இடங்களில் குறைந்த காசுக்குத் திறக்கும். வருடத்துக்கு ஒரு கலைவிழாவோடு அந்த வாய்ப்பை முடித்துவிடாதீர்கள். அரங்கு புதுப்பிக்கும் திட்டம் வந்தால் வளாகத்தில் மாணவர்களிடம் கருத்துக் கேட்பார்கள். அந்தப் படிவத்தில் மேடைத் தளத்தைப் பற்றி, திரையைப் பற்றி, கோடை மாத வாடகையைப் பற்றி எழுதுங்கள். ஒருவர் எழுதினால் கோப்புக்குள் போகும். எண்பது பேர் எழுதினால் கூட்டத்தில் பேசுவார்கள்.

அன்றைக்கு அந்த அரங்கேற்றம் ஒரு மாதிரி முடிந்தது. தில்லானா தொடங்கும் நேரம், யாரோ ஒரு மாமா பொறுப்பாளரைக் கேட்காமலே மேடையின் பின்கதவைத் திறந்து ஒரு கதிரையை வைத்துத் தடுத்துவிட்டார். மாலைக் காற்று ஒரு இழுப்பு உள்ளே வந்தது. பிள்ளையின் முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. அடுத்த நாள் அலாரம் அடித்ததென்று சொல்லி அந்தக் குடும்பத்துக்கு மேலதிகமாக ஒரு பில் வந்ததாகவும் கேள்விப்பட்டேன்.

அடுத்த முறை அரங்கு பதிவு செய்யப் போகும்போது வாடகையை மட்டும் கேட்காதீர்கள். காற்று எந்தப் பக்கத்தால் வரும், தளத்துக்குக் கீழே என்ன இருக்கிறது, போன வருடம் எத்தனை இரவு திறந்திருந்தது என்றும் கேளுங்கள். பதில் தெரியாமல் அவர்கள் முழித்தால், அந்தக் கேள்விகளை எழுத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள்.